ஒரு மணி ரீடிங்

குள்ளஞ்சாவடி கூட்டுரோட்டில் கத்தரி நாற்று வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எடுத்தால் தூத்துக்குடியிலிருந்து மங்கை அண்ணி. "தம்பி, அண்ணாச்சி போயிட்டாங்க" என்றார். நாற்றுக்காரர் "எத்தினி கட்டுங்க வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆயுள் முழுக்க எண்களைப் படித்துச் சம்பளம் வாங்கியவன், அன்று ஓர் எண் சொல்ல வராமல் நின்றேன்.

நெய்வேலி அனல்மின் நிலையத்தின் தண்ணீர் லேபில் வேலை பார்த்தவர்களுக்குக் கோமதிநாயகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. இருவரும் ஒரே நாளில் பெர்மனன்ட் ஆனோம். ஆனாலும் தெற்கத்திப் பேச்சோடு அவர் உள்ளே நுழைந்த வாரமே எல்லோருக்கும் அண்ணாச்சியாகிவிட்டார். பாய்லருக்குப் போகும் தண்ணீரின் பி.எச். பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்கிறதா, காரப் பக்கம் சாய்கிறதா என்று சொல்லும் எண் அது. ஏழு என்றால் நடு, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். அந்த எண் தவறினால் குழாய்கள் அரிக்கும். அண்ணாச்சி ஷிஃப்டில் அது தவறியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ப்ளாக்கில் ஒவ்வொரு குவார்ட்டர்ஸாக டி.வி. வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி தன் வீட்டு ஹாலில் நான்கடிக் கண்ணாடித் தொட்டியை வைத்து, அதில் கடல் ஒன்றையே வளர்த்தார். நல்ல தண்ணீர் மீன் எல்லோரும்தான் வளர்க்கிறார்கள் என்பது அவர் எண்ணம். மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் இருவரும் கடலூருக்குப் போய், இரண்டு பெரிய கேன்களில் கடல்தண்ணீர் பிடித்து பஸ்ஸில் ஏற்றுவோம். "உப்புக்கு அவ்ளோ பஞ்சமா சார் உங்க ஊருல?" என்று கண்டக்டர் கேட்பார். துறைமுகக் கல்லிலிருந்து பெயர்த்துவந்த பூப்போல விரியும் உயிரான கடல் சாமந்தி ஒன்று, தூத்துக்குடியில் இடித்த பழைய சுவரின் பவளக்கற்கள் கொஞ்சம், வலைக்காரர்கள் கொடுத்த வரிமீன் குஞ்சுகள் இரண்டு. மீன்களில் பெரியதற்கு சூப்பரின்டெண்ட் என்றும் சின்னதற்கு டெபுடி என்றும் பெயர் வைத்தவர் அவர் மனைவி மங்கை அண்ணி. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. அந்த டெபுடி அண்ணியின் விரல் போகும் இடமெல்லாம் கண்ணாடிக்குள் கூடவே வரும்.

தொட்டியின் மேல் ஒரு நோட்டு இருந்தது. லேபில் இருப்பது போலவே தேதி, நேரம், பி.எச்., குறிப்பு, இனிஷியல் என்று கோடு போட்ட நோட்டு. கடல்தண்ணீருக்கு எட்டேகாலை ஒட்டி இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு மாதம் நிலையத்தில் ஓவர்ஹால், அதாவது இயந்திரங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் வேலை, நடந்ததால் ஷிஃப்ட் மாறவில்லை. அவருக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மதிய ஷிஃப்ட். விடியும்போது அவர் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு லேபுக்குப் போய் மீட்டரில் பார்ப்பார். நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய் இன்னொரு பாட்டில் எடுப்பேன். அவருக்கு ஏழு புள்ளி எட்டு. எனக்கு எட்டு புள்ளி மூன்று. தினமும் இப்படியே.

ஒரு வாரம் கழித்து நோட்டைத் திறந்தால் என் எண்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் கேள்விக்குறி. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் லேபில் போய்க் கேட்டேன்.

"என்னா அண்ணாச்சி இது? நான் பொய்யா எழுதிக்கினு இருக்கேன்னு சொல்றீங்களா?"

"ஏழு மணி நேரத்துல தண்ணி இவ்வளவு ஏறுமாவே? மேசை ரீடிங் எழுதுதீரு."

மேசை ரீடிங் என்றால் அளக்காமல் உட்கார்ந்த இடத்தில் எழுதுவது. எங்கள் லேபில் அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. அங்கே நான்கு பேர் இருந்தார்கள், நால்வரும் கேட்டார்கள். நான் வளையமாதேவிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் முதன்முதலில் பேனா பிடித்துச் சம்பாதித்தவன். அந்த வார்த்தை எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

இனி எழுதப்போவது இதுவரை யாரிடமும் சொல்லாதது. என் எண்ணை அவர் எண் பக்கம் இறக்க, அன்று இரவு ஷிஃப்ட் முடிந்ததும் லேபிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் அசிட்டிக் ஆசிட் கொண்டுவந்தேன். மறுநாள் அண்ணி மோர் கொடுத்த டம்ளரிலேயே அதைச் சொட்டுக் கணக்கில் தண்ணீரில் கலந்து, அவர் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்துத் தொட்டியில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்த தண்ணீர் ஏழு புள்ளி ஒன்பது காட்டியது. ஒழுங்காக அளந்தேன், அளந்ததையே எழுதினேன். குறிப்பு எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டேன். கேள்விக்குறிகள் நின்றுபோயின.

ஐந்து நாள் இது நடந்தது. அவருடைய காலை எண் ஏழரைக்கு இறங்கியது. பதறிப்போய் அவர் தினமும் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினார். காலையில் அவர் சோடா, மதியம் நான் ஆசிட். ஆறாம் நாள் தண்ணீர் பாலாக வெளுத்திருந்தது. டெபுடி வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. அண்ணி அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதார். "நான் என்ன குறை வச்சேன் தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அதன் பிறகு ஆசிட்டைத் தொடவில்லை.

அடுத்த மாதம் ஷிஃப்ட் மாறியது. அண்ணாச்சி மதிய ஷிஃப்டுக்கு வந்தார். புதிதாக மாற்றிய தண்ணீரை ஒரு மணிக்கு எடுத்து அளந்தார். எட்டு புள்ளி மூன்று. லீவு நாளில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டிலோடு லேபுக்குப் போய்ப் பார்த்தார். வெயில் ஏற ஏறத் தொட்டியிலிருக்கும் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது, எண் ஏறுகிறது. இருட்டில் எல்லாமே மூச்சு மட்டும் விடுகின்றன, அந்த வாயு தண்ணீரில் கரைந்து புளிக்கவைக்கிறது, விடியும்போது எண் இறங்கிக் கிடக்கிறது. இரண்டு பேர் எண்ணும் சரிதான்.

கேன்டீனில் டீ நேரத்தில் எழுந்து நின்றார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. கலியமூர்த்தி ரீடிங் சரி. நான் சொன்னதுதான் தப்பு. வாபஸ் வாங்கிக்கிடுதேன்." பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் சொன்னதோ, "விடுங்க அண்ணாச்சி, நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கினு இல்ல."

அதன் பிறகு பல வருடம் அந்தத் தொட்டி நன்றாக இருந்தது. எந்தப் பொடியும் போடுவதில்லை. பவளக்கல் கிடந்தது, தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் மாற்றினோம், எப்போதும் ஒரே நேரத்தில் அளந்தோம். ஐப்பசி மழையில் அண்ணி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பு மூட்டினால் எண் இறங்கும். அண்ணாச்சி ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் திறப்பார். "மீனுக்குக் காத்து வேணும்னு என் பாயை நனைக்கிய" என்று அண்ணி சத்தம் போடுவார். "அதுக்கு ஆவாத காத்து உனக்கு மட்டும் ஆவுமா?" என்பார் இவர். ரிடையரானதும் தொட்டியில் இருந்தவற்றையெல்லாம் கடலூர்த் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் ஊருக்கு ரயிலேறினார்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "தண்ணியத் திருத்துறதுக்கு முந்தி நாம என்ன பண்ணுனோம்னு பாக்கணும்வே." பாய்லரைச் சொல்கிறார் என்றே நினைத்துத் தலையாட்டுவேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தேன். அண்ணி அந்தப் பழைய நோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "உங்ககிட்ட குடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க தம்பி." ரயிலில் பிரித்தேன். சிவப்புக் கேள்விக்குறி ஒவ்வொன்றையும் அடித்து, பக்கத்தில் 'சரி' என்று எழுதி முழுக் கையெழுத்து போட்டிருந்தார். டெபுடி செத்த நாளின் குறிப்பில் பென்சிலால் சின்னதாக: 'தொட்டிக்குப் பின்னால் மோர் டம்ளர். அசிட்டிக் வாசனை.' கேன்டீனில் எழுந்து நின்ற நாளின் குறிப்பில் இன்னொரு வரி: 'நான் சொன்னதுதான் தொடக்கம். அவராகச் சொல்லட்டும்.'

எல்லாம் தெரிந்துகொண்டுதான் நான்கு பேர் முன்னால் என்னை நல்லவனாக்கியிருக்கிறார். பிறகு நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறார். நாற்பது தீபாவளிக்கு, முதலில் நேரிலும் பிறகு ஃபோனிலும், வாழ்த்துச் சொன்னேன். ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நான் காலியாக விட்ட அந்த ஐந்து இடங்களிலும் நேரம், எத்தனை சொட்டு, எதற்காக என்று எழுதி இனிஷியல் போட்டுவிட்டேன். கார்த்திகையில் தூத்துக்குடி போகிறேன். டெபுடிக்கு அண்ணி எந்தக் குறையும் வைக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.