தங்கராசு அண்ணன் எரிக்காத பெட்டி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நாலே பேர். நான், என் வீட்டுக்காரர், பிலோமினா டீச்சர், வயர்மேன் தங்கராசு அண்ணன். ஐந்தாவதாக ஓர் ஆள் இருந்திருந்தால், இதை இத்தனை வருஷம் நான் மறைத்திருக்க முடியாது.

சந்தன வாசனையும் சூடேறிய மெஷின் வாசனையும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும்...

எண்பதுகளின் கடைசி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். டைப் மெஷின்களுக்கு நடுவே புதிதாக ஒரு கம்ப்யூட்டர். அதற்கு வெளியே தனியாக இரண்டு டிரைவ் பெட்டிகள். ஒன்றில் பெரிய ஃபிளாப்பி போகும், இன்னொன்றில் சின்னது.

நான் எட்டாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு நானாகப் படித்தேன். வீட்டுக் கணக்குக்கு நோட்டு போடுவதுபோல மெஷினுக்கும் ஒரு நோட்டு. எத்தனை மணிக்குப் போட்டோம், எதை மாட்டினோம், எந்த விளக்கு எரிந்தது... எல்லாம் எழுதிவிடுவேன்.

டீச்சருக்கு வரதராஜன்பேட்டை. முந்திரியைத் தாக்கும் பூச்சி பற்றி எம்.ஃபில். ஆய்வு. நாலு மாதம் நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். திருத்தங்கள் எல்லாம் மெஷினுக்குள்ளேதான். அதைப் பெரிய ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனால், அங்கே ஒருவர் மதியம் வரை காத்திருந்து அச்சு எடுத்துத் தருவார். மறுநாள் ஒப்படைக்கக் கடைசி நாள்.

அன்று விஜயதசமி. மறுபூஜை முடித்து, கற்பூரம் காட்டி, என் வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டார்.

ஃபேன் சுற்றியது. திரையில் ஒரு வெள்ளைக் கோடு வந்து கண் சிமிட்டியது. அவ்வளவுதான்.

மறுபடி போட்டார். அதே கோடு.

"சார்... பத்தே முக்காலுக்கு பஸ்ஸு சார்." டீச்சர் கையில் ஜெபமாலை ஏறிவிட்டது.

என் வீட்டுக்காரருடைய கோபம் முழுக்கத் தங்கராசு அண்ணன் பக்கம் திரும்பியது. முந்தின நாள் பூஜைக்கு சீரியல் லைட் கட்டியது அவர்தான். அதைக் கழற்றத்தான் வந்திருந்தார்.

"ஏப்பா தங்கராசு, லைட்டு போடச் சொன்னா மெஷினுக்கே தீவாளி கொண்டாடிட்டியேப்பா!"

"சார், லைட்டுக்குத் தனி லைன் இழுத்துருக்கேன். எம்புள்ள மேல சத்தியம்."

"அப்ப இது ஏன் எந்திரிக்கல? சரோஜா, அந்த நோட்ட எடு. நேத்து கடைசியா என்னென்ன செஞ்சோம்னு படி."

எடுத்தேன். படித்தேன். சந்தனம் வைத்தது. இரண்டு பெட்டியும் மாட்டியது. சாமந்தி மாலை போட்டது...

அடுத்த வரியில் கண் நின்றது.

'பெரிய பெட்டியில் புது ஃபிளாப்பி வைத்தேன்.'

பூஜையன்று படியைக்கூட வெறுமனே வைக்க மாட்டோம். நெல் நிரப்பித்தான் வைப்போம். அந்தப் பெட்டி மட்டும் ஏன் வெறும் வாயோடு இருக்க வேண்டும் என்று உறை பிரிக்காத ஒன்றைப் பிரித்து, கும்பிட்டு, உள்ளே தள்ளியிருந்தேன். மேலே மாலை விழுந்து வாயை மூடிவிட்டது. வெளியில் ஃபிளாப்பி இருந்தால் மெஷின் முதலில் அதிலிருந்துதான் எழப் பார்க்கும் என்று புத்தகத்தில் படித்தவளும் நான்தான்.

"அப்பறம்?" என்றார்.

"அப்பறம்... கற்பூரம்" என்றேன். அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

தங்கராசு அண்ணன்தான் சொன்னார். "கூட்டுக் குடும்பத்துல சண்டன்னா ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பித்தான் சார் பாக்கணும். மாட்டினத எல்லாம் கழட்டுவம்."

மாலையைத் தொடாமல், இரண்டு பெட்டியின் வயரையும் பின்பக்கமாகக் கழற்றினார். மெஷின் எழுந்தது! டீச்சரின் ஆய்வு அப்படியே இருந்தது. அணைத்து, சின்னப் பெட்டியை மாட்டினார். எழுந்தது. அணைத்து, பெரியதை மாட்டினார். அதே வெள்ளைக் கோடு.

"பெட்டி எரிஞ்சுபோச்சு" என்றார் என் வீட்டுக்காரர். "ஒன்னால."

தங்கராசு அண்ணன் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

மணி பத்து இருபது.

"இன்னொருக்கா கும்புட்டுக்கறேங்க" என்று நான் முன்னால் போனேன். மாலையைச் சரிசெய்வதுபோலக் கையை உள்ளே விட்டு, லிவரைத் திருப்பி, ஃபிளாப்பியை உருவி முந்தானைக்குள் சொருகிக்கொண்டேன். அதில் இரண்டு பூ உதிர்ந்தது.

சுவிட்சைப் போட்டார். எழுந்தது.

"மாதாவே!" என்று டீச்சர் அழுதேவிட்டார். ஆய்வைப் பதிந்துகொண்டு ஓடி பஸ்ஸைப் பிடித்தார். பட்டமும் வாங்கினார்.

"பாத்தியா, எங்கியோ லூஸ் கான்டாக்ட். இனிமே கம்ப்யூட்டர் பக்கம் நீ கைய வெக்காத" என்றார் இவர்.

"சரிங்க சார். வரேம்மா" என்று தங்கராசு அண்ணன் படி இறங்கினார். அதற்குப் பிறகு அந்தப் படியை அவர் ஏறவே இல்லை. வயர் வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டோம்.

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் மகனுடைய லேப்டாப் எழவில்லை. "பக்கத்துல என்ன மாட்டிருக்கன்னு பாருடா" என்றேன். பென் டிரைவைப் பிடுங்கினான், எழுந்தது. "எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்று கேட்டான். இப்போதெல்லாம் அரை நிமிஷத்தில் முடிகிற காரியம்... யாரும் யாரையும் திட்டவும் இல்லை. அன்று இரவு அந்தப் பழைய நோட்டை எடுத்து, படிக்காமல் தாண்டிய வரியைச் சத்தமாகப் படித்தேன். கேட்க வேண்டியவர் பக்கத்தில் இல்லை.

தங்கராசு அண்ணனுக்கு வாலிகண்டபுரம். இப்போது செந்துறைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று காதில் விழுந்தது. அவருக்கு எழுபத்தைந்து தாண்டியிருக்கும். நேரில் போய்ச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று மட்டும் எழுதுங்கள். இனியும் தள்ளிப்போட எனக்கு மனசில்லை, தயவுசெய்து இந்த வாரத்துக்குள் பதில் போடுங்கள்.