இடுக்கி தொட்ட படலம்

ஆய்வகத்தில் அவளுக்கு ‘சந்தேக அக்கா’ என்று பெயர். தராசு காட்டும் எடையைக்கூட மூன்று தடவை பார்க்காமல் நம்பமாட்டாள். “என்னைக் கல்யாணம் பண்ணும்போது மட்டும் எப்படி ஒரே தடவை பாத்துட்டு சரின்ன?” என்று பஸ் ஓட்டும் கணவர் கிண்டல் செய்வார்.

அப்படிப்பட்டவளே கால் தரையில் படாமல் நடந்த வாரம் ஒன்று உண்டு. விரல் நகமளவு சில்லு. அதன்மேல், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகத் துத்தநாக ஆக்சைடு படலம். காந்தத்தை ஏறெடுத்தும் பார்க்காத பொருள் அது. அதற்குள் கோபால்ட் அயனிகளைக் குண்டு பாய்வதுபோல் பாய்ச்சி, சாதாரண அறை வெப்பத்திலேயே அதைக் காந்தமாக்க வேண்டும். அவளுடைய முனைவர் பட்டம் முழுக்க இதை நம்பித்தான் இருந்தது. கருவியில் காந்தத்துக்கான வளைவு வந்தேவிட்டது. மாநாட்டில் பேச அவள் பெயரைக் கொடுத்தார் பேராசிரியர்.

அவளுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. அயனி பாய்ச்சாத வெறும் சில்லையும் முன்பே அளந்திருந்தாள், அதில் காந்தமில்லை. ஆனால் அது டப்பாவிலிருந்து நேராகக் கருவிக்குப் போன சில்லு. அயனி பாய்ச்சிய சில்லுகளோ இடுக்கியில் எத்தனையோ முறை பிடிபட்டவை. இன்னொரு வெறும் சில்லை எடுத்து, இடுக்கியால் பிடித்து, தட்டில் பொருத்தி, கழற்றி, எல்லாச் சடங்கும் செய்தாள். அயனியை மட்டும் பாய்ச்சவில்லை. அளந்தாள்.

அதே வளைவு.

இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியர் முன்னால் போய் நின்றாள்.

“சார், அது படலத்தோட காந்தம் இல்ல. நம்ம எவர்சில்வர் இடுக்கியோடது. சில்லோட ஓரம் இடுக்கியைச் சுரண்டி, இரும்புத் தூள் ஒட்டிக்குது. பிளாஸ்டிக் இடுக்கில புடிச்சா ஒண்ணுமே வரல.”

“அயனி பாய்ச்சினதுலகூடவா?”

“அதுலயும்தான் சார். புதுசா செஞ்சு பாத்துட்டேன்.”

“பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். தெரியும்ல?”

“தெரியும் சார். வயித்தெரிச்சலாத்தான் இருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நானும் இத்தனை வருஷமா அந்த இடுக்கியிலதானேம்மா புடிக்கிறேன். அப்ப என் பழைய கட்டுரையெல்லாம்?”

“அதையும் அளந்துடலாம் சார்.”

“உன்கிட்ட வாயைக் கொடுத்தேன் பாரு,” என்று தலையில் கைவைத்தவர், சிரித்துவிட்டார்.

எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளோ மாநாட்டு மேடையேறி, இரண்டு வளைவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டினாள்.

“அப்ப உங்க படலம் காந்தமா, இல்லையா?” என்று கேட்டார் ஒருவர்.

“அறை வெப்பத்துல இல்லைங்க. ரொம்பக் குளிர வெச்சா கொஞ்சூண்டு தெரியுது. இனிமே அதைத்தான் பாக்கப் போறேன்.”

கைதட்டல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவள் இறங்கி வரும்போது முன்வரிசையில் மூன்று பேர் குனிந்தபடி, தங்கள் தங்கள் ஆய்வகத்துக்குக் கைப்பேசியில் அவசரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்: நம்ம இடுக்கி எதுல செஞ்சது?