என் மனைவி மாற்றச் சொன்ன ஃபோல்டர் பெயர்

இதை எழுத நினைத்துப் பல வருடங்கள் தள்ளிப்போட்டேன். வீட்டுக்குள் நடந்ததை நாலு பேர் படிக்க வைக்கலாமா என்ற கூச்சம்தான் காரணம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் மளிகைக் கடைக்கு வந்துவிட்டவன் நான். எழுத்தும் அவ்வளவாக வராது. ஆனால் அல்லாஹ் கொடுத்த நல்லதைச் சொல்லாமலே வைத்திருப்பதும் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து என் மனைவி என் பெயரைச் சொன்னதில்லை. என்னைக் கூப்பிட்டால் 'ஏனுங்க'. அடுத்தவரிடம் 'அவிங்க'. மகளிடம் 'உங்கத்தா'. வில்லேஜ் ஆபீசில் கணவர் பெயர் கேட்டால் பேசாமல் ரேஷன் கார்டை நீட்டுவாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அது அவளாகப் பிடித்துக்கொண்ட மரியாதை.

மகள் நர்சிங் படிக்கும்போது கம்ப்யூட்டர் வாங்கினோம். விற்றவர் என் பெயரிலேயே கணக்கைத் திறந்தார். உள்ளே இருந்த ஃபோல்டருக்கும் என் பெயர்தான். மகள் எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போனபிறகு அதை இயக்கியவள் மனைவி. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் குர்ஆன் ஓதுவதைப் போட்டுக் கேட்பாள்.

ஒருநாள் அது மெதுவாகிவிட்டதென்று பக்கத்துச் சித்தூரிலிருந்து ரிப்பேர்காரர் வந்தார். ஓதுவதெல்லாம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டார். இவள் திரையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"சொன்னா வாய் வெந்துருமாங்கக்கா?" என்று சிரித்தார்.

"வாய் வேகாது தம்பி, மனசு கேக்காது. அதை 'வீடு'ன்னு மாத்திக் குடுத்துருங்க. அப்பறம் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன்."

அவரும் எல்லா இடத்திலும் 'வீடு' என்று மாற்றிவிட்டு, டீ குடித்துப் போனார். பெயர்ப் பலகையைத்தான் மாற்றினார். கம்ப்யூட்டரோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. மறுநாள் திறந்தால் திரை துடைத்துவிட்டதுபோல் காலி. ரிப்பேர்காரர் மறுபடி வந்து பெட்டியைத் தூக்கிச் சித்தூருக்கே கொண்டுபோனார்.

அந்த வாரம்தான் எனக்குத் தொண்டையில் ஆபரேசன் ஆகியிருந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது மகள் போன் செய்தாள். துபாய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது, சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் சான்றிதழின் படத்தை அனுப்பியாக வேண்டும் என்றாள். அசல் கல்லூரியில் கிடந்தது. படம் இருந்ததோ அந்த ஃபோல்டருக்குள்.

மனைவி ரிப்பேர்காரரை அழைத்தாள்.

"பழைய பேரு மறந்துட்டனுங்கக்கா. அதே பேரை வெச்சாத்தான் உள்ள இருக்கறதெல்லாம் வரும். என்ன பேருங்க?"

"அவிங்க பேருதான் தம்பி."

"அவிங்களுக்கும் ஒரு பேரு இருக்குமில்லீங்க!"

என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். காகிதத்தில் எழுதி நீட்டினேன். அதைப் படிக்கவும் வாய்தானே வேண்டும். பக்கத்து வீட்டில் யாராவது வந்து சொல்வார்களா என்று எட்டிப் பார்த்தாள். பூட்டியிருந்தது, கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தார்கள். மகளைக் கூப்பிட்டால், டியூட்டிக்கு நடுவில் அவள் போன் எடுக்கவில்லை. கையிலிருந்ததோ பழைய பட்டன் போன், அதில் எழுதி அனுப்ப எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "பிஸ்மில்லாஹ்" என்றாள். பிறகு என் அத்தா எனக்கு வைத்த பெயரை, பாதியில் விழுங்காமல், முழுதாகச் சொன்னாள்.

"சரிங்கக்கா," என்றார் அவர். அவருக்கு அது வெறும் ஃபோல்டர் பெயர்.

அஸர் பாங்குக்கு முன்பே படம் போய்ச் சேர்ந்தது. மகளுக்கு வேலையும் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். அன்று பெயரைச் சொல்லிப் போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க சிரிப்பு? தொண்டையோட காதுக்கும் சேத்து ஆபரேசன் பண்ணச் சொல்லியிருக்கோணும்."

வாத்தியார் முதல் லாரி டிரைவர் வரை எத்தனையோ பேர் கூப்பிட்ட பெயர்தான். அது நல்ல பெயர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் முதல் பழையபடி 'ஏனுங்க'. இன்று காலையிலும் அப்படித்தான் கூப்பிட்டாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

இதை நீங்கள் யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். என்னைத் தெரிந்தவர்களும் இதற்குள் என் பெயரைச் சேர்த்துவிட வேண்டாம். அது சொல்லப்பட வேண்டிய இடத்தில் ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டது.