செசிலி மேடத்தின் கடல் தண்ணீர்

கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து அட்டெண்டர் ஓடி வந்து, "சார், அமராவதிபுதூர்ல இருந்து போன். செசிலி மேடம் காலைல போயிட்டாகளாம்" என்றார். மேடத்தின் அண்ணன் பேசியிருக்கிறார். கையிலிருந்த தட்டை முழுதாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் ஒரு வாரமாக ஒன்றையே சொல்கிறீர்கள்: தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட நேர்மையான மனுஷி என்று. கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்திலும் அதையே சொன்னீர்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். செசிலி மேடம் எந்தத் தவறும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் காரைக்குடியில் இந்தக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலை பார்த்தோம். தொண்டிக் கடற்கரையில் மீனவர்கள் வலையில் சிக்கிய கடற்பஞ்சு என்னும் கடல் உயிரிகளைக் குப்பையாக உதறிப் போடுவார்கள். அவர் அவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டு, ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீரும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். நாற்றம் தாங்காமல் பக்கத்து சீட் காலியாகிவிடும். "பஞ்சு ஓடவும் முடியாம, கடிக்கவும் முடியாம ஒரே எடத்துல கெடக்குது. அது எப்பிடிப் பொழைக்குதுன்னு நெனைக்கிறீக ஜபரு சார்? உள்ள குடியிருக்குற பூஞ்சையும் ஒரு காவலுதான்" என்பார்.

அப்படி ஒரு பஞ்சுக்குள்ளிருந்து எடுத்து, அந்தக் கடல் தண்ணீரிலேயே வளர்த்த பூஞ்சையின் சாற்றை ஒரு காகித வில்லையில் நனைத்து, சீழ்க்கிருமி பரப்பிய தட்டின் நடுவில் வைத்திருந்தார். மறுநாள் அந்த வில்லையைச் சுற்றி ஒரு கிருமியும் இல்லாத தெளிவான வளையம். ஆஸ்பத்திரியில் பல மருந்துகளுக்கும் அசையாத கிருமி அது. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், இங்குட்டு வந்து பாருங்க!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். சோதனையை மறுபடி செய்து முடிவை அனுப்புங்கள், வெளியிடுகிறோம் என்று பதில் வந்தது.

அந்தச் சமயம் பார்த்து மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். மூன்று மாத விடுப்பு. போகும்போது பூஞ்சையை என்னிடம் ஒப்படைத்தார். "மாசம் ஒரு தடவ புதுத் தட்டுக்கு மாத்திருங்க. கேன் தீந்துருச்சுன்னா தொண்டிக்கு ஒரு நடை போயிட்டு வந்துருங்க சார். நம்ம ஊருத் தண்ணி குடிக்கத்தான் ருசி. இதுக்கு ஆகாது."

இரண்டாவது மாதம் கேன் காலியானது. வெளியே கொளுத்துகிற வெயில். தொண்டி வரை போக அலுப்பாக இருந்தது. உப்புத் தண்ணீர் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். செக்காலைக் கடையில் கல்லுப்பு வாங்கி வந்து நம் குழாய்த் தண்ணீரில் கரைத்தேன். பூஞ்சை முன்னைவிட நன்றாக, வெள்ளை வெளேரென்று படர்ந்தது. அந்தப் பெருமையில் குளிர்பெட்டியில் கண்ணாடிக் குழாய்களில் அவர் பத்திரப்படுத்தியிருந்த மூலப் பூஞ்சையையும் அதிலேயே மாற்றி வளர்த்தேன். பழைய குழாய்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அவர் திரும்பி வந்தார். சோதனை செய்தார். வளையம் இல்லை. மறுபடி கடல் தண்ணீருக்கு மாற்றிப் பல மாதங்கள் முயன்றார். அப்போதும் இல்லை. ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து, "தண்ணி மாறலையே சார்?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றேன்.

அதற்குமேல் அவர் என்னைக் கேட்கவில்லை, தன்னைத்தான் கேட்டுக்கொண்டார். "நாந்தான் தப்பாப் பாத்துருக்கேன்" என்று சொல்லி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கடிதத்தைத் தன் கையாலேயே டைப் அடித்தார். நீங்கள் புகழ்கிற நேர்மை அதுதான். பிறகும் பல வருஷம் தொண்டிக்குப் போய் வந்தார். அந்தப் பூஞ்சை மட்டும் புதிதாக எந்தப் பஞ்சிலும் கிடைக்கவேயில்லை. கடைசியில் ஈரல் முழுதாகக் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். "அன்னிக்கு அந்த வளையத்தை நீங்களும் பாத்தீகள்ல சார்?" என்றார். "பார்த்தேன் மேடம்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்போதாவது மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கல்லுப்புத் தண்ணீர்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர் கேட்டபோது நான் உண்மையைச் சொல்லியிருந்தால், தன் கண்ணைத் தானே நம்பாமல் அவர் செத்திருக்க மாட்டார். இது மட்டும் எனக்கு நிச்சயம். இதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

அவருடைய கேன் என்னிடம் இருக்கிறது. அன்று நான் கல்லுப்பில் வளர்த்த பூஞ்சையும் இருக்கிறது. மாதம் ஒரு தடவை தொண்டிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து புதுத் தட்டுக்கு மாற்றுகிறேன். போன வாரமும் மாற்றினேன், கிருமித் தட்டில் வைத்தும் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் வளர்கிறது. வளையம் இல்லை.