கன்னத்தில் கோடு போட்ட ராஜா

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய சாரல் காலம். எனக்கு ஏழு வயது. அப்பாவின் தங்கையான என் அத்தைக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. ஆனால் எங்கள் தென்காசி வீட்டில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அவளை விட்டால் ஆள் கிடையாது. எல்லாம் கையாலேயே. ஐந்தருவிக்கு வில்வண்டி கட்டிப் போனால், தண்ணீர் இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அத்தை மட்டும் அலட்டிக்கொள்ளாமல் கதையைத் தொடர்வாள்.

கதைக்கு ஆட்களை வீட்டிலும் அக்கம்பக்கத்திலுமே பிடித்துக்கொள்வாள். தொந்தியைத் தடவினால் அரக்கன், அது தாத்தா. மூக்குத்தியைத் திருகினால் சூனியக்காரி, அது அம்மா. அம்மாவுக்கு இது தெரியாது. இடது கண்ணோரத்திலிருந்து தாடை வரை விரலால் கோடு இழுத்தால் ராஜா. அது யாரென்று நாங்கள் கேட்டதே இல்லை.

அந்த வைகாசியில் அத்தையைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்தார்கள். ஆடிக்கு அழைத்து வந்தபோது புது மாமாவும் கூட வந்தார். நாங்கள் கதைக்குச் சுற்றி உட்கார்ந்தோம். அரக்கன் வந்தான், சூனியக்காரி வந்தாள். ராஜா வரவேண்டிய இடத்தில் அத்தையின் கை மடியில் விழுந்துவிட்டது. மறந்துவிட்டாள் போல என்று நானே கோடு இழுத்துக் காட்டினேன். சுளீரென்று கையில் ஓர் அடி. அத்தை என்னை அடித்ததே இல்லை. ஓவென்று அழுதேன்.

"ஏட்டி கோட்டிக்காரி, புருசன் பேர பொம்பள சொல்லுவாளா? அவளுக்குக் கைதாம்ட்டி வாய்" என்று அம்மா சிரித்தாள்.

வீடே சிரித்தது. மாமாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் என்னவோ இடித்தது. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவருடைய இடது கன்னத்தையே பார்த்தேன். கத்தரிக்காய் போல வழவழவென்று இருந்தது.

மறுநாள் கடையநல்லூர்ச் சேலைக்காரர் வந்தார். மாதாமாதம் வருகிறவர்தான். மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். இடது கண்ணோரத்திலிருந்து தாடை வரை பழைய தழும்பு. எத்தனையோ தடவை பார்த்த முகம், அன்றைக்குத்தான் உறைத்தது. சந்தோஷம் தாங்காமல் கூடத்துக்கு ஓடி மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"என்னட்டி, என்ன சொல்லுத?"

வாசலில் ராஜா வந்திருக்கிறார் என்று சொல்ல, விரலை இடது கண்ணுக்குக் கொண்டுபோனேன். மாமாவுக்குப் பின்னால் அடுக்களைக் கதவோரம் அத்தை நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள்.

"கண்ணுல தூசி, மாமா" என்றேன் பயத்தில்.

பெரியவர்கள் கும்பிட்டால் சின்னப்பிள்ளைக்கு ஆயுசு குறையும் என்பார்கள். என் ஆயுசைக் குறைக்கிற அளவுக்கு அத்தைக்கு என் மேல் என்ன கோபம்? ஒன்றும் விளங்காமல், அவள் சுரண்டைக்குத் திரும்பும் வரை நான் அவள் பக்கமே போகவில்லை.