போயிட்டு வாறேன் சொன்ன மிஷின்

பேட்டை நூல் ஆலையின் கணக்கு முழுவதையும் சுமக்கும் யூனிக்ஸ் மிஷினுக்கு வயது முப்பது. அது முரண்டு பிடித்தால் தாஜா பண்ணத் தெரிந்தவர் குமரகுருபரன் ஒருவர்தான். அந்தப் பெருமையால் அவர் கோட்டைவிட்ட பந்திகள் ஏராளம். ஒரே மகள் விஜயஸ்ரீக்குப் பூ வைத்த அன்றுகூட மனிதர் பேட்டையில்தான் கிடந்தார்.

"தாரை வார்க்கும்போது நீங்க இல்லன்னா, மாலையும் கழுத்துமா பேட்டைக்கு வந்து உக்காந்துக்கிடுவேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

முதலாளி தேவசிகாமணிக்கோ இன்டர்நெட் என்றால் பேய் பயம். எவனாவது உள்ளே புகுந்துவிடுவானாம். அதனால் குமரகுருபரன், போன் லைனில் வீல் வீலென்று கீச்சிட்டுப் பேசும் ஒரு பழைய மோடத்தைத் தூசி தட்டி மிஷினோடு பூட்டினார். வெளியிலிருந்து போன் போட்டுப் பாஸ்வேர்டு கொடுத்தால், மிஷின் முதலில் போனை வைத்துவிடும். பிறகு, தன்னிடம் பதிந்திருக்கும் எண்ணுக்கு அதுவே திரும்பக் கூப்பிடும். திருடன் நுழைய வழியில்லை.

"இது என்ன வே, வந்தவனை வெரட்டிட்டுப் பொறவு அவன் வீட்டுக்கே போறது?" என்றார் முதலாளி.

"வெரட்டல அண்ணாச்சி. போயிட்டு வாறேன்னு சொல்லுது."

போனை வைக்குமுன் திரையில் வரும் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்ற வாசகம் குமரகுருபரனுக்கு அபசகுனமாகப் பட்டது. அதையும் 'போயிட்டு வாறேன்' என்று மாற்றினார். திரும்பக் கூப்பிடும் எண்ணாகக் கல்யாண மண்டப ஆபீஸ் எண்ணைப் பதிந்தார். மறுமுனையில் கம்ப்யூட்டர் எடுக்கிறவரை விடாமல் கூப்பிடு என்றும் சொல்லி வைத்தார்.

முகூர்த்த நேரத்தில் மிஷினில் கணக்கு ஓடாமல் நின்றுபோனது. வேறு எப்போது நிற்கும்? முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்து சொன்னதும், குமரகுருபரன் மண்டப ஆபீசுக்கு ஓடி, போன் ஒயரை லேப்டாப்பில் மாட்டிக் கூப்பிட்டார். மிஷின் மரியாதையாகப் போயிட்டு வாறேன் சொல்லிவிட்டு வைத்தது. அது திரும்பக் கூப்பிடுவதற்குள் மேடையிலிருந்து ஐயர் கூப்பிட்டுவிட்டார். ஒரு நிமிஷம் தவித்தவர் மேடைக்கே ஓடினார்.

மண்டப மேனேஜர் பெருமாள்ராஜுக்கு ஐஸ்கிரீம்காரனைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒயரைப் பிடுங்கிப் போனில் மாட்டினார். உடனே மணி அடித்தது. எடுத்துக் கேட்டவர் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தார்.

"யாரோ போன்ல கத்தி அழுவுதாவ. பேச்சே வரல. பொண்ணு வீட்டுச் சொந்தமா, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமா, சீக்கிரம் வாங்க!"

சபையில் ரெண்டு அத்தைகள் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். தேவசிகாமணி மேடைக்குக் கீழே நின்று, "அது நம்ம மிஷின் வே! போயி எடும்!" என்று பதறினார்.

கையில் செம்போடு குமரகுருபரன் திரும்பினார். "இருக்கட்டும் அண்ணாச்சி. வாறேன்னு சொல்லிட்டுத்தான போச்சு, மறுபடியும் வரும்."

தாரை வார்த்தார். தாலி ஏறியது. பந்தி முடிகிறவரை மகள் பக்கத்தைவிட்டு அவர் நகரவில்லை. பெருமாள்ராஜ் எடுப்பதும் வைப்பதுமாக, ஆபீசில் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மகள் காரில் ஏறினாள். "போயிட்டு வாறேன்ப்பா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கார் திரும்பி மறைந்ததும், நேரே ஆபீசுக்குள் போய், அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தார். ஒயரை லேப்டாப்பில் மாட்டத் தோன்றாமல் அப்படியே காதில் வைத்துக்கொண்டார்.

வாசலில் காவல் நின்ற பெருமாள்ராஜ் முதலாளியைக் கைகாட்டி நிறுத்தினார்.

"பைய வாங்க அண்ணாச்சி. ஆளு தெரிஞ்சவுகதான் போல. இப்ப ரெண்டு பேரும் அழுவுதாவ."