பள்ளத்தில் பொன் அரித்த ஞாயிறுகள்

முதலிலேயே பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ தெரிந்தால் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பேன். என்ன குறை என்று வாய் திறந்து சொல்லக்கூட வேண்டியதில்லை. பேசவே கூச்சப்படுகிற எனக்கு அது தோதான வேலை. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கம்தான். ஆனால் பொன் தேடி ஓடை மணலை அரித்த பனியன் கம்பெனிக்காரர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் எழுதாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்கிற கதைதான் நிலைக்கும். அவர் கதையில் தண்ணீர் எப்போதும் இடுப்பளவு ஓடும். உண்மையில் அது கணுக்காலைத் தாண்டவில்லை.

குன்னத்தூர்ப் பக்கம் அவருக்குப் பங்கில் வந்த மேட்டாங்காடு கொஞ்சம் இருக்கிறது. மழையை நம்பி விதைக்கிற நிலம். அங்கே விதைக்காமலே விளைவது வெங்கச்சாங்கல். பால் வெள்ளையாக இருக்கும். உடைத்தால் விளிம்பு கண்ணாடி போல வெட்டும். காட்டுக்குக் குறுக்கே ஒரு வரப்புப் போட்டதுபோல அந்தக் கல் நீளமாகப் போகிறது. உழவு ஓட்ட வருகிற டிராக்டர்காரர்கள் எல்லாரும் அதைத் திட்டியிருக்கிறார்கள். போர் போட்டபோது தண்ணீருக்குப் பதில் வெள்ளை மாவு பறந்தது. "கீழயும் இதே கல்லுதானுங்க. துரு ஏறுன மாதிரி செவப்பாவும் வருது" என்று சொல்லிவிட்டுப் போர் வண்டிக்காரர் கிளம்பிவிட்டார். தண்ணீர் வராத துக்கத்தில் நாங்கள் துருவை மதிக்கவில்லை.

பிறகு பையனுக்குப் பெண் அமைந்தது. பெண் வீடு மூலனூர். பெண், அனுப்பர்பாளையத்தில் டீ-ஷர்ட்டுக்குப் படம் அச்சடிக்கிற பிரிண்டிங் யூனிட்டில் சேம்பிள் பார்க்கிறவள். உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி பண்ணிய அன்று, பெண்ணின் அப்பா பேச்சுவாக்கில் கேட்டார்.

"எங்க காட்டுல முருங்கை நல்லா வருதுங்க. உங்க காட்டுல என்னங்க சம்பந்தி வெளையுது?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அண்ணன் முந்திக்கொண்டார். "கல்லுதானுங்க. வருசம் பூராவும் மகசூல்."

கூடியிருந்த இரண்டு பக்கத்து உறவும் சிரித்தது. நானும் சேலைத் தலைப்புக்குள் சிரித்தேன். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"கல்லு இருக்கற எடத்துலதானுங்க பொன்னும் இருக்கும்" என்றார். "எம்பையன் கட்டற தாலியில எங்க பள்ளத்துப் பொன்னு ஒரு பொட்டாச்சும் இருக்கும். பொன்னு உருக்கற அன்னிக்குப் பாருங்க."

பள்ளம் என்று நாங்கள் சொல்வது ஓடையை. எங்கள் பக்கத்தில் தாலிக்குப் பொன் உருக்க நல்ல நாள் பார்ப்பார்கள். அன்றைக்கு ஆசாரி மாப்பிள்ளை வீட்டுக்கே வந்து, இரண்டு வீட்டுக்காரர்களும் பார்த்திருக்க, தங்கக் காசு ஒன்றை உருக்குவார். அதில் சேர்க்கத்தான் இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் உப்பை முன்னால் வைத்துக்கொண்டு. அந்த நேரத்தில் சொன்ன சொல்லை எங்கள் ஆட்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. சம்பந்தி கேலியாகச் சிரித்திருந்தால்கூட அதோடு போயிருக்கும். அவர் கையைக் கூப்பி, "நெம்ப சந்தோசமுங்க" என்றார். நம்பிவிட்டார்.

வண்டியில் திரும்பும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சு புள்ள."

கொஞ்ச தூரம் போனதும், "ஆனா பொய்யில்ல. போன்ல பாத்துருக்கறேன்" என்றார்.

அது நிஜம். அவருக்குத் துணியை அழுத்திச் சீராக்குகிற காம்பேக்டிங் மெஷினில் வேலை. அதில் துணி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் போனில் ஒரு தாடிக்காரன் ஆற்றில் நின்று மணலைச் சுழற்றுவான். என்ன பாஷை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. பார்த்துப் பார்த்தே இவர் புரிந்துகொண்டார். அன்று இரவு சாப்பிடும்போது எனக்குப் பாடம் நடந்தது. தட்டுதான் பள்ளம், ரசம்தான் வெள்ளம்.

பொன் இருப்பது வெள்ளைக் கல் கீற்றில். அதிலும் துருப்பிடித்தாற்போலச் சிவந்த கீற்றில். மழையும் வெயிலும் கல்லை உடைக்கும்; வெள்ளம் அதைப் பள்ளத்துக்குத் தள்ளும். பொன்னுக்குக் கனம் அதிகம், மணல் போகிற தூரம் அது போகாது. தண்ணீர் எங்கே களைத்துப்போகிறதோ அங்கே உட்கார்ந்துகொள்ளும். வளைவில் உள்பக்கமாக, பெரிய கல்லுக்குப் பின்னால், பாறை வெடிப்புக்குள். பக்கத்தில் கருமணலும் உட்கார்ந்திருக்கும். கருமணலைக் கண்டால் நல்ல சகுனம், அங்கேயே தோண்டலாம்.

"அப்ப நம்ம காட்டுக் கல்லு பள்ளத்துல எங்க எறங்குதோ, அதுக்குக் கீழதானுங்க பாக்கோணும்?" என்று கேட்டேன்.

"அதேதான்" என்றார். ரசம் ஆறிவிட்டது.

மணலைச் சுழற்றுகிற சட்டிக்காகவும் ஒரு வாக்குவாதம் நடந்தது. அனுப்பர்பாளையத்தில் தெரிந்த பட்டறையில் சொல்லி, பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் வளையம் வளையமாகத் தட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றார். மஞ்சள் தட்டில் மஞ்சள் பொட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் கேட்டதும் அந்த யோசனை நின்றது. கடைசியில் கறுப்பு பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எடுத்துக்கொண்டோம். தாடிக்காரன், ஓடும் தண்ணீருக்கு அடியில் கம்பளி மாதிரி ஒன்றை விரிப்பான். பொன் அதன் மயிரில் சிக்கிக்கொள்ளும். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம். கம்பெனியில் கழித்துப்போட்ட டெர்ரி துணி, துண்டுக்கு வருமே, ஒரு பக்கம் முழுக்க சின்னச் சின்ன வளையமாக நூல் நிற்கிற துணி, அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். சூப்பர்வைசர் எதற்கு என்று கேட்டார். கால் துடைக்க என்றேன்.

முதல் ஞாயிறு நேராகப் பாலத்தடிக்குப் போனோம். எங்கள் காட்டிலிருந்து அது வெகு கீழே. காட்டை ஒட்டிய பள்ளத்தில் சீமைக்கருவேல முள் அடர்ந்து, இறங்க வழி கிடையாது. பாலத்தடியில் நிழல் இருந்தது, மணல் இருந்தது, மேலே டீக்கடை இருந்தது. பொன் எங்கே இருக்கும் என்று அவ்வளவு படித்தவர், வண்டி எங்கே நிற்கும் என்று பார்த்துத்தான் இடம் பிடித்தார்.

டெர்ரி துணியை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். வளையம் இருக்கிற பக்கத்தை அடியில் போட்டுவிட்டார். திருப்பிப் போட்டேன். மணலை அள்ளி அதன்மேல் கொட்ட, தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போனது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கரைமேல் வந்து நின்றார்.

"ஏனம்மிணி, என்னத்தைத் தொலைச்சீங்க?"

நான் மணல் அள்ளத் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்காரர்தான் தலையைத் தூக்காமலே, "மூக்குத்திங்க" என்றார்.

"அடப் பாவமே. கல்லு வெச்சதா?"

"ஒத்தைக்கல்லுங்க."

அந்த அம்மா கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கித் தேட ஆரம்பித்துவிட்டார். ஆடுகள் டீக்கடைக்காரரின் வாழைக்கன்றைத் தின்றுவிட்டன. அதற்கப்புறம் ஞாயிறுதோறும் எங்களைக் கண்டதும், "இன்னுமா கெடைக்கல? புதுசு ஒண்ணு வாங்கிக் குடு தம்பி, அம்மிணி மொகம் வாடிக் கெடக்குது" என்று அவருக்குத்தான் திட்டு விழும்.

ஆனால் மூன்றாவது ஞாயிறு கிடைத்துவிட்டது. துணியைத் தூக்கி வெயிலில் பிடித்தபோது நூல் வளையங்களுக்கு இடையே பொடிப்பொடியாக மின்னியது. ஒன்று இரண்டு இல்லை. ராத்திரி வானத்தைத் துணியில் வாரியதுபோல. அவர் துணியை மடியில் வைத்துக்கொண்டு ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோடாலித் தைலப் பாட்டில் ஒன்றைக் கழுவி, வாசம் போகத் திரும்பக் கழுவி, பொடியை அதில் சேர்த்தோம். நானும் நம்பினேன். பொன்னுக்குக் கனம் என்று சொன்னாரே, இது தண்ணீரில் மிதந்து மேலாகவே வந்து ஒட்டுகிறதே என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அடுத்த வாரம் இரண்டு வீட்டாரும் கூறைச்சேலை எடுக்கப் போனோம். சேலைகளை விரித்துப் போட்டிருந்த மெத்தைமேல் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துச் சம்பந்தி கையில் கொடுத்தார். சம்பந்தி விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைப்பையன்கூட எட்டிப் பார்த்தான். பாட்டில் கைமாறிப் பெண்ணிடம் வந்தது. அவள் லேசாகக் குலுக்கினாள், பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அத்தை, சித்தெ வாங்க, கண்ணாடியில பாக்கலாம்" என்று என்னை அழைத்துப் போனாள்.

கண்ணாடிக்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்தை, தப்பா நெனைக்காதீங்க. அது கிளிட்டருங்க. டீ-ஷர்ட்டுல மினுமினுன்னு பிரிண்ட் போடற பொடி. பிளாஸ்டிக்குதானுங்க. நெருப்புல காட்டுனா சுருண்டுக்கும்."

"நெசமாவா கண்ணு?"

"தெனமும் அதுலதானுங்களே முழிக்கறேன். நீங்க அரிச்ச எடத்துக்கு மேல பிரிண்டிங் யூனிட் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இருந்தது. பாலத்துக்குக் கொஞ்சம் மேலே புதிதாக ஒரு ஷெட் போட்டிருந்தார்கள்.

"அப்ப ஸ்கிரீன் கழுவுன தண்ணியில வந்துருக்கும். அதுக்கும் மேல போய்ப் பாருங்க. மாமாகிட்ட நீங்களே சொல்லீருங்கத்தை, நான் சொன்னேன்னு வேண்டாமுங்க." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்த அரக்கு வேண்டாமுங்க, பச்சையே இருக்கட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து, அவர் சட்டை மாற்றும் வரை காத்திருந்து, ஊக்கு நுனியில் ஒரு பொட்டை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினேன். சுருண்டு கறுத்துப் போனது. பிளாஸ்டிக் நாற்றம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சம்பந்தி கண்ணுல ஒத்திக்கிட்டாரே புள்ள" என்றார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பாட்டிலை மூடி வைத்துவிட்டு, "கடையில குந்துமணி அளவு வாங்கிப் போட்டுட்டா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமுங்களே."

"அதத்தான் நானும் பாத்தேன்" என்றார்.

பொன் உருக்க வியாழக்கிழமை குறித்திருந்தார்கள். புதன்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டோம். இந்தத் தடவை டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் காட்டிலிருந்து வெள்ளைக் கல்லைப் பிடித்துக்கொண்டே சரிவில் இறங்கினோம். வேலிக்கு அந்தப் பக்கம் கல் மறையும். பத்தடி தள்ளி மறுபடியும் மண்ணுக்கு மேலே முதுகைக் காட்டும். அரிவாளால் முள்ளை ஒதுக்கிக்கொண்டு அவர் முன்னால் போனார். என் சேலை ஐந்தாறு இடத்தில் கிழிந்தது.

பள்ளத்துக்குள் அந்தக் கல் கரையிலிருந்து கரைக்குப் படிக்கட்டுபோல ஓடுவதை அன்றுதான் பார்த்தோம். வெள்ளை நடுவே காவிக் கோடுகள். துரு. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். படிக்குக் கீழே பாறையில் குறுக்காக வெடிப்புகள். தண்ணீர் விரல் கனத்துக்குத்தான் ஓடியது. தோசைக்கரண்டியால் வெடிப்பைச் சுரண்டி, பழைய பல் பிரஷ்ஷால் கூட்டி, பேசினில் போட்டோம். அவர் சுழற்றினார். முதலில் சேறு போனது, அப்புறம் வெள்ளை மணல், அதற்கப்புறம் சிவப்பாக ஒரு பொடிமணல். கடைசியில் அடியில் வால்போலக் கருமணல் நின்றது. ஒவ்வொரு பேசினிலும் நின்றது. கருமணல் மட்டும்.

மத்தியானம் கட்டுச்சோறு தின்றோம். வெயில் சாயத் தொடங்கியபோது ஒரு பேசினின் கருமணல் வாலை டெர்ரி துணியில் கவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். நான் குனிந்து பார்த்தேன். கறுப்பு நடுவே ஒரு மஞ்சள். கடுகை நாலாக உடைத்தால் ஒரு பங்கு வருமே, அதைவிடச் சின்னது. மின்னவில்லை. நிழலில் பிடித்தாலும் வெயிலில் பிடித்தாலும் ஒரே மஞ்சளாக இருந்தது.

"இங்க வாங்க" என்றேன்.

காக்காப்பொன் என்கிற மின்னும் அப்பிரகமாக இருந்தால் குத்தினால் ஏடு ஏடாகப் பிரியும். வளையலில் இருந்த ஊக்கை எடுத்து மெல்ல அமுக்கினேன். பிரியவில்லை, உடையவில்லை, குழி விழுந்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை அமுக்கினேன். நூல் வளையத்துக்குள் இறங்கிவிட்டது. நோண்ட நோண்ட இன்னும் உள்ளே போனது. நிட்டிங் துணியின் குணமே அதுதான்.

"கையை எடு, கையை எடு" என்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஆசாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆசாரி அசரவில்லை. "துணியோட கொண்டாங்க. எரிச்சா துணிதான் போகும், பொன்னு சாம்பல்ல நிக்கும். நாங்க பட்டறைக் குப்பையவே எரிச்சு எடுக்கற ஆளுங்க."

"அல்லாரு முன்னாலயும் பனியன் துணியையா எரிக்கறது?" என்று இவர் என்னைப் பார்த்தார்.

"பட்டுத்துணியா இருந்தா மட்டும் எரிச்சா மணக்குமுங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நூல் வெட்டுகிற டிரிம்மரால் அந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால்தான் வண்டி ஓட்டினார். நான் பேசினை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் முருகனைக் கும்பிட்டபடி வந்தேன், பொன்னுக்காக இல்லை, வண்டிக்காக. இருட்டியதும் வாசலில் உட்கார்ந்து, "பாட்டில்ல இருந்தது பொன்னில்லைன்னு சம்பந்திகிட்டச் சொல்லிரோணும். இது பொன்னா இருக்கலாம்னு சொல்லோணும். ரெண்டையும் சொல்லோணும்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அவர் சம்பந்தியிடம் இரண்டையும் சொன்னார். சம்பந்தி, "சரிங்க, போடுங்க" என்றார். ஆசாரி துணியைப் பொன் உருக்குகிற மூசைக் கிண்ணத்துக்குள்ளேயே எரித்து, சாம்பலின் மேல் காசை வைத்து உருக்கினார். உருகினபின் எது எந்தப் பொன் என்று பார்க்க முடியவில்லை. பதினோரு மணிக்குச் சாப்பிட்டோம்.